வாசகர் கேள்வி-பதில்: இன்ஜின் இல்லாம ஓடின அறுப்பு மெஷின்

போன இதழ்ல அமெரிக்காவுல ஆமிஷ் மக்கள் (நவீன வசதிங்களை பெரும்பாலும் ஒதுக்கி வாழற ஒரு கிறிஸ்தவ சமூகம்) இன்னைக்கும் குதிரை கட்டித்தான் புல்லு அறுக்குறாங்கன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடுதாசியையும் வாட்ஸப்பையும் பாத்தா இந்தத் தடவை வேற எதுவும் பேச விடமாட்டீங்க போல. சரி, அதையே பேசிருவோம்.

இன்ஜினும் இல்ல, மோட்டாரும் இல்ல. ரெண்டு குதிரை ஆற அமர நடக்குது, கத்தி மட்டும் தடதடன்னு ஓடுதே, எப்படிங்க?
வாசகர், வேலந்தாவளம்

எல்லாம் சக்கரம்தாங்க. நம்ம மாட்டு வண்டியில சக்கரம் சும்மா உருண்டு வரும், அதுக்கு வேற வேலை இல்ல. இந்த மெஷின்ல உருள்ற சக்கரம்தான் இன்ஜின். ரெண்டும் இரும்புச் சக்கரம், தரையில வழுக்காம பிடிக்கறதுக்காக சுத்துவட்டம் முழுக்க மேடு மேடா வார்த்திருப்பாங்க. சக்கரம் சுத்துனா அச்சு சுத்தும், அச்சுல இருக்குற பெரிய கியர் ஒரு சின்ன கியரைச் சுத்தும், அதுல இருந்து இன்னொரு சாய்வுப்பல் கியர் ஜோடி, கடைசியில முன்னாடி நீட்டிட்டு வர்ற ஷாஃப்ட்டோட நுனியில ஒரு ஃப்ளைவீல், அந்த ஃப்ளைவீல்ல நடுவுல இருந்து ஒன்றரை இஞ்ச் தள்ளி ஒரு பின். அந்தப் பின்னுல மாட்டுன நீளக் கட்டைதான் கத்தியை இழுத்துத் தள்ளுது. ஒன்றரை இஞ்ச் தள்ளி இருக்கறதால கத்தி ஒரு பக்கமா மூணு இஞ்ச் ஓடும்.

கணக்குப் போட்டே பாக்கலாம். சக்கரத்தோட குறுக்களவு 32 இஞ்ச்னு வைங்க, ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 100 இஞ்ச் தரை. கியர் 25 மடங்குன்னு வச்சா சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஃப்ளைவீல் 25 சுத்து, கத்தி போக 25 வர 25 ஆக 50 ஓட்டம். அப்படின்னா மெஷின் ரெண்டு இஞ்ச் நகர்றதுக்கு கத்தி ஒரு தடவை குறுக்க ஓடுது. குதிரை மணிக்கு ரெண்டரை மைல் நடந்தா நிமிஷத்துக்கு 1300க்கு மேல ஓட்டம் வரும். அஞ்சடி கத்தியில மணிக்கு ஒன்றரை ஏக்கர்னு கணக்கு சொல்லுது, திரும்புற நேரம் குதிரைக்கு மூச்சு விடுற நேரமெல்லாம் கழிச்சா ஒரு ஏக்கர்னு வைங்க.

இன்னொரு நுணுக்கம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு சக்கரத்தோட குடத்துக்குள்ளயும் பல்லுச்சக்கரமும் அதுல விழுற இரும்பு நாக்கும் இருக்கும். முன்னாடி போனா நாக்கு பல்லுல விழுந்து அச்சைப் பிடிச்சுச் சுத்தும், பின்னாடி தள்ளுனா டிக் டிக்னு தாண்டிப் போகும், கத்தி ஆடாது. மூலையில திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம்தானே வேகமா ஓடும், அதுதான் அச்சைச் சுத்தும், உள்பக்கத்துது சும்மா டிக் டிக். இன்னைக்கு டிராக்டர்ல டிஃபரன்ஷியல்னு பெரிய பெட்டியே வச்சு செய்யற வேலையை ரெண்டு நாக்கை வச்சு முடிச்சிட்டாங்க.

கத்திக்கு முன்னாடி விரல் விரலா நீட்டிட்டு இருக்கே, அது கல்லு படாம இருக்கறதுக்கா?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

கல்லுல இருந்தும் காப்பாத்தும்தான். ஆனா அதுக்காக வச்சதில்ல. அந்த விரல் இல்லேன்னா கத்தி எத்தனை வேகமா ஓடுனாலும் புல்லு அறுபடாது, சாய்ஞ்சு குடுக்கும். நம்ம கதிர் அரிவாள்ல இடது கை தாளைப் பிடிச்சிருக்குதே, அந்தக் கை வேலைதான் விரலுக்கு. சலூன்ல தலைமுடி வெட்டுற மெஷினை கவனிச்சிருப்பீங்க, ஒரு சீப்பு சும்மா நிக்கும் இன்னொரு சீப்பு அதுமேல ஓடும், அதையே அஞ்சடி நீளத்துக்கு செஞ்சா இதுதான்.

விரலுக்கு நடுவுல ஒரு பிளவு, அந்தப் பிளவுக்குள்ள கத்தி ஓடுது. பிளவோட கீழ் உதட்டுல ஒரு சின்ன எஃகுத் தகடு ரிவெட் அடிச்சிருக்கும், லெட்ஜர் பிளேட்னு பேரு. கத்திங்கறது ஒரே பட்டையில வரிசையா ரிவெட் அடிச்ச முக்கோணத் துண்டுங்க, ஒவ்வொண்ணும் மூணு இஞ்ச் அகலம், விரலும் மூணு இஞ்சுக்கு ஒண்ணு. முக்கோணத்தோட சாய்ஞ்ச ஓரமும் அந்தத் தகட்டோட ஓரமும் சந்திக்கிற இடத்துலதான் வெட்டு. வெட்டு முழுக்க அந்த இடுக்குலதாங்க இருக்கு, வேகம் ரெண்டாம் பட்சம். குதிரை, சக்கரம், கியர் எல்லாமே அந்த இடுக்கு வரைக்கும் சக்தியைக் கொண்டு வந்து சேர்க்கறதுக்குத்தான்.

இந்த விஷயம் ஒரே நாள்ல வந்துடல. ஸ்காட்லாந்துல பாட்ரிக் பெல்னு ஒருத்தர் 1828லயே மெஷின் செஞ்சு ஓட்டிட்டாரு, அதுல வரிசையா கத்திரிக்கோல் மாதிரியே வச்சிருந்தாரு. அமெரிக்காவுல சைரஸ் மெக்கார்மிக் 1831ல ஓட்டிக் காட்டுனாரு, 1834ல பேட்டன்ட். அவருக்கு முன்னாடியே 1833 கடைசியில ஓபெட் ஹஸ்ஸி பேட்டன்ட் வாங்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் காலம் பூரா சண்டை. மெக்கார்மிக்குக்குத்தான் பேரு போச்சு, ஆனா இன்னைக்கு வரைக்கும் நாம ஓட்டுற கத்தி ஹஸ்ஸியோடதுக்குத்தான் கிட்ட வரும்ங்கறது என் கட்சி. விரலோட பிளவுல ஈரப்புல்லு அடைச்சுக்கிட்டு கத்தி நின்னு போய்ட்டே இருந்துச்சு, பிளவோட பின்பக்கத்தைத் திறந்து விட்டா குப்பை தானா வெளிய போயிரும்னு 1847ல அதுக்குத் தனியா பேட்டன்ட் வாங்குனதும் அவர்தான்.

குதிரை முன்னாடி நடந்தா பயிரை மிதிக்காதா? ஏன் கத்தி பக்கவாட்டுல இருக்கு?
வாசகர், மீனாட்சிபுரம்

மிதிக்கக் கூடாதுன்னுதான் பக்கவாட்டுல. குதிரை போன சுத்துல அறுத்த வெறுந்தரையில நடக்கும், கத்தி வலது பக்கம் நிக்கற பயிருக்குள்ள நீட்டிட்டுப் போகும். பெல் வேற வழி பாத்தாரு, குதிரையைப் பின்னாடி கட்டி மெஷினைத் தள்ள வச்சாரு. அறுப்பு நல்லா இருந்துச்சு, ஆனா தள்ளுற வண்டியை நேரா ஓட்டுறது பெரிய பாடு.

பக்கவாட்டுல வச்சா வேற ஒரு தொல்லை. பாரம் ஒரு பக்கமா இழுக்கும், வண்டி வலது பக்கமா சாடும், குதிரை கழுத்து புண்ணாகும். அதனால பல மாடல்கள்ல இழுவையில ஒரு பங்கு நேரா கத்திப் பட்டையோட பிரேமுக்கே போற மாதிரி ஒரு ராடு வச்சாங்க. அப்புறம், கத்திப் பட்டையை வண்டிக்கு நேர் குறுக்கா பூட்டக் கூடாது. வெளி நுனி கொஞ்சம் முன்னாடி நிக்கணும், அடிக்கு கால் இஞ்ச்னு கணக்கு, அஞ்சடிக்கு ஒண்ணேகால் இஞ்ச். பயிருக்குள்ள போனதும் பாரம் அந்த நுனியை பின்னாடி இழுக்கும், அப்பத்தான் அது நேரா வந்து நிக்கும். சும்மா நிக்கறப்ப கோணலா இருக்கறது வேலை செய்யறப்ப நேராகுது. பழைய மெஷினை வாங்குறவங்க முதல்ல நூல் பிடிச்சுப் பாக்கறது இதைத்தான்.

கையில பிடிச்சு ஓட்டுற சின்ன ரீப்பர் ஒண்ணு வச்சிருக்கேன். நெல்லை அறுக்காம கடிச்சு இழுக்குது, பாதித் தாள் வேரோட வருது. கத்தியை ரெண்டு தடவை சாணை பிடிச்சாச்சு. குதிரை மெஷின் பத்தி பேசுற நீங்க இதுக்கு வழி சொல்லுங்க.
வாசகர், நல்லேப்பிள்ளி

சொல்லலாம், உங்க ரீப்பர்லயும் அதே கத்திதான், ஏன், அறுப்பு சீசனுக்கு நம்ம பக்கம் வர்ற பெரிய ஹார்வெஸ்டரோட வாயிலயும் அதேதான்.

கத்தியை விடுங்க. எல்லாரும் கத்தியைத்தான் தீட்டுறாங்க, கீழ இருக்குற தகட்டை ஒருத்தரும் பாக்கறதில்ல. இன்ஜினை நிப்பாட்டி பிளக் வயரைக் கழட்டி வச்சிட்டு, கத்தியைக் கையால நகத்தி ஒவ்வொரு விரலோட தகட்டு ஓரத்தையும் நகத்தால தடவிப் பாருங்க. ஓரம் உருண்டையா வழவழன்னு இருந்தா அந்தத் தகடு செத்துப் போச்சு, மாத்தணும். அடுத்து, கத்திக்கு மேல அமுக்கிப் பிடிக்கற கிளிப் இருக்கும். அது தூக்கிட்டு இருந்தா கத்திக்கும் தகட்டுக்கும் நடுவுல சந்து விழும், அந்தச் சந்துல தாள் மடிஞ்சு உள்ள போயி இழுபடும், உங்களுக்கு நடக்கறது பெரும்பாலும் இதுதான். கிளிப்பை சின்ன சுத்தியலால லேசா தட்டி இறக்குங்க, ரொம்பத் தட்டுனா கத்தி இறுகிப் போயிரும், கையால தள்ளுனா சுலபமா ஓடணும், ஆனா மேல கீழ ஆடக் கூடாது.

மூணாவது, கத்தி ஒரு கோடிக்குப் போயி நிக்கறப்ப ஒவ்வொரு முக்கோணமும் விரலுக்கு நேர் நடுவுல நிக்குதான்னு பாருங்க, ரெண்டு கோடியிலயும். ஒரு பக்கம் தள்ளி நின்னா பாதி வெட்டோட திரும்புதுன்னு அர்த்தம். கனெக்டிங் ராடுல அட்ஜஸ்ட் இருந்தா அதுல சரி பண்ணலாம். வளைஞ்ச விரல் ஒண்ணு இருந்தாலும் மொத்த வரிசையும் கெடும், கத்திப் பட்டையோட கோடியில குனிஞ்சு ஒரு கண்ணை மூடிட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்.

அறுத்ததைக் கட்டா கட்டியும் போடுமாமே? குதிரை மெஷின் எப்படி முடிச்சு போடும், நம்பற மாதிரி இல்ல.
வாசகி, சித்தூர்

நம்புங்க. முதல் மெஷின்கள்ல ஒரு ஆளு கூடவே நடந்து பலகையில விழுந்த கதிரை வாரித் தள்ளுவாரு, பின்னாடி அஞ்சாறு பேரு கட்டிட்டே வரணும். 1858ல மார்ஷ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, கதிரை ஓடுற கான்வாஸ் துணியில மேல ஏத்தி, மெஷின் மேலயே ரெண்டு ஆளு நின்னு கட்டுற மாதிரி செஞ்சாங்க. அப்புறம் 1870கள்ல கம்பியால தானா கட்டுற மெஷின் வந்துச்சு. மாடு வச்சிருக்கற உங்களுக்கு இதுல இருக்குற வில்லங்கம் சொல்லாமயே புரியும், கம்பித் துண்டு வைக்கோலோட மாட்டு வயித்துக்குள்ள போயிரும். விவசாயிங்க வேண்டாம்னுட்டாங்க.

சணல் மாதிரிக் கயிறுல முடிச்சு போடறதை ஜான் ஆப்பிள்பை 1878ல சாதிச்சாரு. எப்படின்னா, வளைஞ்ச ஊசி ஒண்ணு கயிறை எடுத்துட்டு கட்டைச் சுத்தி வரும். கயிறோட முதல் நுனியை ஏற்கனவே ஒரு வெட்டுப்பல் தட்டு கவ்விப் பிடிச்சிருக்கும், ஊசி ரெண்டாவது நுனியையும் கொண்டு போயி அதே தட்டுல விடும். இப்ப ரெண்டு இழையும் பக்கத்துப் பக்கத்துல. அதுக்கு மேல பறவை அலகு மாதிரி ஒரு இரும்பு, பில்ஹூக்னு பேரு, அது ஒரே ஒரு முழுச் சுத்து சுத்தும். சுத்துறப்ப கயிறு அதோட கழுத்துல வளையமா விழும், சுத்து முடியற நேரத்துல அலகு வாயைத் திறந்து ரெண்டு இழையையும் கவ்வும், கத்தி பின்னாடி கயிறை வெட்டும். அடுத்து ஒரு கை வந்து கட்டை வெளிய தள்ளும், அந்த இழுப்புல கழுத்துல இருந்த வளையம் அலகு நுனி வழியா உருவி, கவ்வுன இழை மேல விழுந்து முடிச்சு இறுகிடும். முடிச்சை இறுக்கறது மெஷின் இல்ல, வெளிய விழுற கட்டேதான். இதுக்கெல்லாம் சக்தி எங்கிருந்துன்னா அதே தரைச் சக்கரம், இப்படி அறுத்துக் கட்டும் போடற மெஷினுக்கு பைண்டர்னு பேரு, அதுல அது ஒத்தைப் பெரிய சக்கரம், இழுக்க மூணு நாலு குதிரை வேணும்.

நம்ம வயலுக்கு இது ஏன் வரல? காளை மாட்டைக் கட்டி ஓட்டுனா ஆகாதா?
வாசகர், கோபாலபுரம்

காளை மெதுவா நடக்கும். ஆனா சக்கரத்துல ஓடுற மெஷின்ங்கறதால ரெண்டு இஞ்சுக்கு ஒரு வெட்டுங்கற கணக்கு மாறவே மாறாது, மெதுவா போனா கத்தியும் மெதுவா ஓடும், அவ்வளவுதான். அடர்த்தியான இடத்துல கத்திக்கு வேகம் பத்தாம அடைச்சு நிக்கும். அதுக்கு கியரைக் கூட்டி வைக்கலாம், ஆனா இழுவை பாரம் ஏறும். ஆக காளை ஒரு பெரிய தடை இல்ல.

தடை சேறு. சக்கரம் தரையைப் பிடிச்சாத்தான் கத்தி ஓடும், சேத்துல சக்கரம் சுத்தாம சறுக்கிட்டே வந்தா மெஷின் நகரும் கத்தி நிக்கும், பயிரை அமுக்கிட்டுப் போகும். அமெரிக்காவுலயே இதை அனுபவிச்சாங்க. லூசியானாவுல 1880கள்ல கோதுமைக்கு வச்சிருந்த பைண்டரை நெல்லுக்கு கொண்டு வந்தாங்க, தண்ணியை முன்னாடியே வடிச்சு தரை காய்ஞ்ச வயல்ல அது ஓடுச்சு. ஈரம் இருந்த இடத்துல பின்னாடி சின்ன பெட்ரோல் இன்ஜின் ஒண்ணை பைண்டர் மேல ஏத்தி, கத்தியை இன்ஜின் ஓட்ட, மெஷினை விலங்கு இழுக்கன்னு வேலையைப் பிரிச்சாங்க.

இங்க அது போக வரப்பும் இருக்கு. அஞ்சடி கத்தியோட இருபது சென்ட் வயலுக்குள்ள போனா திரும்பறதுலயே பொழுது போயிரும். வைக்கோல் விஷயத்துல மட்டும் எனக்கு வருத்தம்தான், ஹார்வெஸ்டர் தாளை நசுக்கி உடைச்சுப் போடற மாதிரி பைண்டர் போடாது, முழுத் தாளா கட்டோட கிடைக்கும்.

கத்தியை ஆட்டுற அந்த நீளக் கட்டையை ஏன் இரும்புல செய்யல?
வாசகர், வேலந்தாவளம் (மறுபடியும் நீங்கதானா!)

பிட்மேன்னு அதுக்குப் பேரு. கத்தி நிமிஷத்துக்கு 1300 தடவை நின்னு திரும்புது, ஒவ்வொரு தடவையும் ஒரு உதை. ஹிக்கரி மாதிரி உறுதியான மரம் அந்த உதையை வாங்கிக்கும், எடையும் கம்மி. கல்லுல கத்தி மாட்டி நின்னா முதல்ல உடையறதும் அதுதான், கியர் தப்பிச்சிரும். உடைஞ்சா ஊர்த் தச்சர்கிட்ட போயி புதுசு செஞ்சு மாட்டிக்கலாம், வார்ப்பிரும்பு கியர் உடைஞ்சா அந்த சீசன் அறுப்பு போச்சு.