மழைநாளில் பிள்ளைகளுக்கு கேரம் போர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஐப்பசியில் பள்ளிக்கு மழை விடுமுறை விட்டால் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டில் கூடிவிடுகிறார்கள். எல்லோருக்கும் 12, 13 வயது. போன வருடம் வாங்கிய கேரம் போர்டு ஒரே மழைக்காலத்தில் கிண்ணம்போல வளைந்துவிட்டது. இந்த முறை எப்படிப் பார்த்து வாங்குவது? (வாசகி, திருவிடைமருதூர்)

பதில்: போர்டின் மேல்பக்கம் வார்னிஷ் பூசி வழவழப்பாக இருக்கும். அடிப்பக்கம் பெரும்பாலும் வெறும் மரம். ஓதம் அடியில் மட்டும் ஏறி அந்தப் பக்கம் உப்பும்போது பலகை வளைகிறது. பலகை மெலிசாக இருந்தால் சீக்கிரமே வளைந்துவிடும். போட்டிப் போர்டுக்கு ப்ளைவுட் குறைந்தது 8 மி.மீ. கனம் வேண்டும் என்பது விதி. வீட்டு ஆட்டத்துக்கும் அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கடைக்காரர் சொல்லும் இஞ்ச் பெரும்பாலும் சட்டத்தையும் சேர்த்த வெளியளவு. டேப்பை உள்ளே வைத்து அளந்து பாருங்கள். ஆடும் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ. வரை இருப்பதுதான் முழு அளவு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே சரி, சின்னப் போர்டு பத்து நாளில் சலித்துவிடும். பிறகு ஒரு நூலை மூலைக்கு மூலை, பலகையை ஒட்டி இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி தெரிந்தால் பள்ளம், நூலை நடுப்பலகை தூக்கினால் மேடு. இரண்டு குறுக்கிலும் பார்க்க வேண்டும், ஒன்றில் மட்டும் பார்த்தால் முறுக்கு தெரியாது. போர்டைத் திருப்பி, அடியில் குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காய் 19: வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. வெள்ளையை ஓர் அடுக்காகவும் கறுப்பை ஓர் அடுக்காகவும் வைத்தால் உயரம் சமமாக நிற்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக்கூடாது. கனமான ஸ்ட்ரைக்கர் காயை உடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்துக்கு இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். சுவரில் சாய்த்து வைக்காமல், பெஞ்சின் மேல் படுக்க வையுங்கள். தரை ஓதம் ஏறாமல் இருக்கும். நனைந்துவிட்டதே என்று வெயிலில் காயவைப்பது இன்னொரு வளைவுக்கு வழி.

முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவாதீர்கள். ஈரக்காற்றில் அது திரண்டு ஒட்டிக்கொள்ளும். கேரம் பவுடர் இரண்டு சிட்டிகை போதும். அதில் பெரும்பாலும் போரிக் அமிலம் இருக்கும் என்பதால், கை கழுவிய பிறகே முறுக்குத் தட்டை நீட்டுங்கள்.

கேள்வி: கேரமில் நாலு பேர்தான் ஆட முடியும். மீதி நாலு பேருக்குச் செலவில்லாமல் என்ன வாங்கலாம்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: தாயம். பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். கட்டம் சாக்பீஸால் தரையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்தால் எட்டுப் பேரும் ஆடலாம். ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3, வெற்று என நாலு பக்கம். வாங்குமுன் ஒரு கட்டையை 40 முறை உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் பத்துக்கு முன்பின் வரும். ஒரே பக்கம் இருபதைத் தொட்டால் வார்ப்பில் எடை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

சீட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஊனோ. பத்துப் பேர்வரை ஆடலாம். பழைய கட்டில் 108 சீட்டு, புதியவற்றில் 112. எண்ணிக்கை குறைந்தாலோ, பின்பக்க நிறம் சீட்டுக்குச் சீட்டு மாறினாலோ போலி என்று வைத்துக்கொள்ளலாம்.

பல்லாங்குழி அருமையான ஆட்டம், ஆனால் இரண்டு பேருக்குத்தான். காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ போடுங்கள். குன்றிமணி வேண்டாம், கடித்துவிட்டால் கடும் விஷம்.

கேள்வி: வாங்கி நாலு நாளில் போர்டின் சட்டம் விட்டுப்போனது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறதே? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: அச்சிட்டுவிட்டால் சட்டமாகிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் திரும்பக் கொடுக்கும் கெடு எதுவும் போடாவிட்டால், அந்தக் கெடு 30 நாள். விட்டுப்போன மூலையைப் படமெடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதுவரை நீங்களாகவே ஆணி அடித்துவிடாதீர்கள், சேதம் உங்கள் கைவேலை என்று கடைக்காரர் சொல்ல இடம் கொடுத்துவிடும்.