மெத்தையில் நெருப்பு: குஷன்காரரிடம் கேட்டவை

லண்டனில் செற்றி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 11 வருடம் நின்றவன் நான். இப்போது கிளிநொச்சியில் குஷன் வேலை. மெத்தை, செற்றி, நெருப்பு பற்றி என்ன கேள்வி இருந்தாலும் கேளுங்கள் என்று போன கிழமை எழுதியிருந்தேன். இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கிளிநொச்சி, ஒரு தங்கச்சி): அண்ணை, லண்டனில் இருக்கிற பெரியம்மா வீடு மாறும்போது தன்னுடைய செற்றியைக் கப்பலில் அனுப்பிவிட்டா. அடியில் தைத்திருக்கிற துண்டில் ‘கவனக்குறைவு தீயை உண்டாக்கும்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக இருக்கிறது. அப்படியென்றால் இது நெருப்புப் பிடிக்காத செற்றியா?

பிடிக்கும், தங்கச்சி. லேசில் பிடிக்காது, அவ்வளவுதான்.

அந்தத் துண்டு பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1979 மே 8இல் மன்செஸ்ரரில் வூல்வேர்த் கடையின் தளபாடப் பகுதி பற்றி எரிந்து 10 பேர் செத்தார்கள். அடுக்கி வைத்திருந்த செற்றிகளுக்குள் இருந்த ஸ்பொஞ்தான் அந்தப் புகைக்கும் வேகத்துக்கும் காரணம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விதிகள் இறுகி, 1988இல் சட்டமாயிற்று.

சட்டம் கேட்பது மூன்று விஷயம். மேலே கனன்றுகொண்டிருக்கும் சிகரெட்டை வைத்தால் பற்றக்கூடாது. நெருப்புக்குச்சி அளவு சுவாலையை 20 விநாடி பிடித்தாலும் மேல்துணி தொடர்ந்து எரியக்கூடாது. மூன்றாவது உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சுக்கு. மெல்லிய மரக்குச்சிகளைச் சின்னக் கோபுரம் மாதிரி அடுக்கி, மொத்தம் 17 கிராம், ஸ்பொஞ்சின் மேல் வைத்துக் கொளுத்துவார்கள். எரிந்து முடிந்ததும் ஸ்பொஞ்சின் நிறையில் 60 கிராமுக்கு மேல் குறைந்திருக்கக்கூடாது. அந்தக் குச்சி அடுக்கைப் பார்த்தால் பிள்ளைகள் செய்த விளையாட்டு வீடு போல இருக்கும். சோதனை நெருப்பு அவ்வளவு சின்னது. பக்கத்தில் தொங்கும் திரைச்சீலை எரிந்து செற்றியின் மேல் விழுந்தால் கதை வேறு.

இன்னொன்று. துணியை மாற்றிவிட்டால் அந்தத் துண்டு சொல்வது பாதி பொய். நான் வேறு துணி போட்டுக் கொடுக்கும்போது துண்டை வெட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, லண்டன் சாமான் என்பதற்கு அதுதானே சாட்சி!

கேள்வி (வவுனியா, ஒரு தம்பி): கடைக்காரர் ‘ஃபயர் புரூஃப் ஸ்பொஞ்’ என்று கூட விலை சொல்கிறார். லைட்டரால் கொளுத்திப் பார்த்து வாங்கலாமா?

முதலில் வாயால் கேளுங்கள். எந்தச் சோதனை, என்ன இலக்கம்? இலக்கம் சொல்லாவிட்டால் அது வெறும் கதை.

கொளுத்தித்தான் பார்க்க வேண்டுமென்றால் சுண்டுவிரல் நகம் அளவு துண்டு போதும். முற்றத்தில், மண் பரப்பிய தகரத்துக்கு மேலே, குறட்டால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீருடன் செய்யுங்கள். சாதாரண ஸ்பொஞ் சுருங்கிக்கொண்டே எரிந்து, பிசின் மாதிரி மண்ணிறமாகச் சொட்டும். விழுந்த சொட்டும் எரிந்துகொண்டிருக்கும். நெருப்பைத் தடுக்கும் மருந்து சேர்த்த ஸ்பொஞ் என்றால் லைட்டரை எடுத்ததும் அணையப் பார்க்கும். ஆனால் நகத்துண்டு அணைந்தது முழு மெத்தைக்குச் சாட்சி ஆகாது. அந்தச் சொட்டைத்தான் கவனிக்க வேண்டும். முழு மெத்தை எரியும்போது அது கட்டிலுக்கு அடியில் குளம்போலத் தேங்கி, கீழே இருந்தும் எரிக்கும்.

ஸ்பொஞ் பெற்றோலியத்தில் இருந்து வருவது, உள்ளே முழுக்கக் காற்று. எரியும்போது காபனோரொட்சைட்டு, ஐதரசன் சயனைட்டு என்ற நச்சு வாயுக்கள் வரும். நித்திரையில் இருப்பவரைச் சுவாலை தொடுவதற்கு முன்பே புகை விழுத்திவிடும். மூடிய அறையில் சில நிமிடம் போதும்.

கேள்வி (விசுவமடு, ஒரு பேத்தி): எங்கள் ஆச்சி இலவம்பஞ்சு மெத்தையை விடமாட்டா. ஸ்பொஞ் இல்லை, ஆகவே பயமில்லை என்கிறா. நுளம்புத்திரியைக் கட்டில் காலடியில்தான் வைக்கிறா.

ஆச்சி சொல்வதில் பாதி சரி. பஞ்சில் சயனைட்டுப் புகை இல்லை, சொட்டும் இல்லை. ஆனால் பஞ்சு சுவாலை இல்லாமல் கனலும். இலவம்பஞ்சு இழை உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகுப் பூச்சு. பொறி ஒன்று உள்ளே போனால் மணிக்கணக்காகத் தின்றுகொண்டே போகும். தும்பு மெத்தையும் அப்படித்தான்.

ஒட்டுசுட்டானில் என் சித்தப்பா வீட்டில் நடந்தது. பீடி நெருப்பு விழுந்து மெத்தையில் ஒரு சதக் காசளவு ஓட்டை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள், புகை நின்றது. மெத்தையை விறாந்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். விடியப்புறம் நாய் குரைத்துத்தான் எழும்பினார்கள். விறாந்தைக் கிடுகு பற்றிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அந்த மெத்தையைக் கிழித்துப் பார்த்தேன். மேலே ஈரம், ஒரு சாண் உள்ளே பஞ்சு காய்ந்து, கறுத்த குகை மாதிரி ஒரு பாதை. தண்ணீர் அதைத் தொடவே இல்லை. பஞ்சுக்குள் தண்ணீர் லேசில் இறங்காது, மெழுகு தள்ளிவிடும்.

ஆகவே பஞ்சு மெத்தை கனன்றால் வெளியே இழுத்து, வீட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளிப் போட்டு, கிழித்துப் பிரித்து நனையுங்கள். ராத்திரி முழுக்க வெளியேதான் கிடக்க வேண்டும். மெத்தை ஏற்கனவே சுவாலையாக எரிந்தால் இழுக்கப் போக வேண்டாம், நீங்கள் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். ஆச்சியின் திரியைத் தகரத் தாங்கியில் குத்தி, சாம்பல் விழ ஒரு தட்டு வைத்து, மெத்தை, வலை, சேலைத் தலைப்பு ஒன்றும் எட்டாத இடத்தில் வெறும் நிலத்தில் வையுங்கள். விடிய விடிய எரிகிற சாமான் அது.

கேள்வி (மாங்குளம், விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர்): 12 அறைக்கு மெத்தை எடுக்கப் போகிறேன். கொழும்புக் கொம்பனியிடம் என்ன கேட்பது?

பிரித்தானியத் தரம் என்றால் பி.எஸ். 7177. அதில் நான்கு படி இருக்கிறது. வீட்டுக்குக் குறைந்த ஆபத்துப் படி, விடுதிக்கு நடுத்தரப் படி. இரண்டாவதில்தான் நான் சொன்ன 17 கிராம் குச்சி அடுக்கை முழு மெத்தைக்கும் வைத்துப் பார்ப்பார்கள். வெறுமனே ‘7177 இருக்கு’ என்றால் விடாதீர்கள், எந்தப் படி என்று கேளுங்கள்.

அமெரிக்கத் தரம் என்றால் 16 சி.எஃப்.ஆர். 1633, அந்த நாட்டு அரசின் மெத்தை விதி. 2007 ஜூலை 1 முதல் நடைமுறை. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பற்றுமா என்று கேட்காமல் பற்றினால் எவ்வளவு எரியும் என்று கேட்கிறது. மெத்தையின் மேற்பக்கத்திலும் பக்கவாட்டிலும் காஸ் சுவாலை பிடித்துவிட்டு 30 நிமிடம் அளப்பார்கள். வெப்பம் வெளிவரும் வேகம் எந்த நேரத்திலும் 200 கிலோவாற்றைத் தாண்டக்கூடாது, முதல் 10 நிமிடத்தில் வெளிவரும் மொத்த வெப்பம் 15 மெகாயூலைத் தாண்டக்கூடாது. ஆட்கள் எழும்பி ஓட நேரம் கொடுக்கிற கணக்கு அது. ஐரோப்பிய ஈ.என். 597 சிகரெட்டும் குச்சிச் சுவாலையும் மட்டும் பார்ப்பது, விடுதிக்கு எனக்குப் போதாது.

அதோடு ஒவ்வொரு அறையிலும் புகை அலாரம் ஒன்று பூட்டுங்கள். மெத்தைக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கனடாவில் இருந்து மகன் அனுப்பிய மெத்தையில் இழுத்துத் திறக்கிற சிப் இருக்கிறது. உறையைக் கழற்றித் தோய்க்கலாமா?

லேபிளில் தோய்க்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மலிவு மெத்தைகள் சிலவற்றில் உறைக்கு அடியில் கண்ணாடி நார் துணி இருக்கும், அதுதான் நெருப்புத் தடுப்பு. உறையைத் திறந்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவி உடம்பெல்லாம் அரிக்கும். சிப் இருக்கிறது என்பதற்காகத் திறக்க வேண்டும் என்றில்லை.

கேள்வி (மல்லாவி, ஒரு தாய்): நெருப்புத் தடுப்பு மருந்து போட்ட ஸ்பொஞ் பிள்ளைக்குக் கூடாது என்கிறார்களே?

பயம் வீண் இல்லை, அம்மா. முன்பு ஸ்பொஞ்சில் கலந்த புரோமின் மருந்துகளில் சிலவற்றை 2009இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை, அதாவது நச்சு இரசாயனங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தம், தடைப் பட்டியலில் சேர்த்தது. உடம்பில் தங்குகிற சாமான் அது. கலிபோர்னியா 2013இல் தன் விதியை மாற்றியது. ஸ்பொஞ்சுக்குச் சுவாலைச் சோதனை போய், கனலும் சிகரெட்டுச் சோதனை வந்தது, மருந்து போடும் தேவை குறைந்தது. பிரித்தானியாவும் 2025 ஒக்டோபரில் குழந்தைச் சாமான்கள் பலவற்றை 1988 சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சின்னப் பிள்ளை சிகரெட் பிடிக்காதுதானே. வெளியில் இருந்து வந்த பழைய செற்றியில் ஸ்பொஞ் பொடியாக உதிர்ந்தால் பிள்ளையை அதில் விளையாட விடாதீர்கள்.

கேள்வி (பரந்தன்): குப்பி விளக்குச் சரிந்து நுளம்பு வலை பற்றினால்?

வலை பொலியெஸ்ரர் அல்லது பொலித்தீன் இழை. எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும். ஒட்டியதை இழுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், பற்பசை பூச வேண்டாம், 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கேளுங்கள். விளக்கு வேண்டாம், டோர்ச் வாங்குங்கள்.

கேள்வி (வவுனியா, மாணவர்): போனை தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது?

வேண்டாம். சூடு போக வழியில்லை. கதிரையில் போடுங்கள், குஷன் இல்லாத கதிரையில்.

கேள்வி (முல்லைத்தீவு, ஓர் ஐயா): இத்தனை தரம், இலக்கம் எல்லாம் எதற்கு? பனையோலைப் பாயில் படுத்த காலத்தில் ஒன்றும் நடக்கவில்லையே.

ஐயா, பாயைப் பற்றிக் கணக்காகச் சொன்னால் நீங்கள் வெல்வீர்கள். லேசில் பற்றும்தான், ஆனால் அதில் எரிய இருப்பது கொஞ்சம் ஓலை. சரசரவென்று எரிந்து முடியும், காலால் இழுத்து முற்றத்தில் வீசலாம். ஸ்பொஞ் மெத்தையை அப்படி வீச முடியாது. ஆனால் முதுகு நோவென்று என் கடைக்கு வந்து 5 அங்குல ஸ்பொஞ் வெட்டச் சொன்ன ஐயா நீங்கள்தானே? வெட்டி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வந்து எடுங்கள். பருத்தித் துணியில் இறுக்கமாக உறை தைத்திருக்கிறேன். சுருட்டை மட்டும் முற்றத்திலேயே அணைத்துவிட்டுப் படுக்க வாருங்கள்.