அம்மா ஏன் கார்லேருந்து இறங்கல?

கேள்வி: நியூஜெர்சில வேலை பார்க்கிறேன். அம்மா அப்பா 6 மாசம் தங்கறதுக்கு வந்திருக்காங்க. வந்த முதல் வாரமே, ஜூலை லாங் வீக்கெண்ட்ல நயாகரா, வாஷிங்டன், நியூயார்க் மூணையும் 3 நாள்ல காட்டிட்டேன். நயாகராவுல அம்மா காரை விட்டே இறங்கல, "நீங்க போய்ட்டு வாங்க"ன்னுட்டாங்க. அப்பா எங்க போனாலும் "போதும்ப்பா, வீட்டுக்குப் போலாம்"ங்கறார். இவ்ளோ செலவு பண்ணியும் ரெண்டு பேர் முகத்துலயும் சந்தோஷமே இல்ல. இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். தப்பா?

பதில்: தப்புதான் தம்பி. இந்த முடிவும் தப்பு, அதுக்கு முன்னாடி போட்ட பிளானும் தப்பு.

கணக்கு போட்டுப் பாருங்க. உங்க வீட்லேருந்து நயாகரா ஆறேழு மணி நேரம், அங்கேருந்து வாஷிங்டன் இன்னொரு ஏழு, திரும்பி நியூயார்க் வர நாலு. 3 நாள்ல 17, 18 மணி நேரம் கார் சீட்லயே போயிருக்கு. அதுவும் முதல் வாரத்துல! கோடைல ஒன்பதரை மணி நேர வித்தியாசம், நீங்க மத்தியானம் ரெண்டரைக்கு அருவியக் காட்டறப்ப அவங்க உடம்புக்கு அது நடு ராத்திரி 12 மணி. அப்பா "போதும்ப்பா"ன்னது உங்க மேல உள்ள சலிப்பு இல்ல, தூக்கம்.

அம்மா ஏன் இறங்கலன்னு தனியா ஒரு தடவையாவது கேட்டீங்களா? நான் பார்த்த வரைக்கும் நம்ம அம்மாக்கள் இத வாய் விட்டு சொல்லவே மாட்டாங்க. வழில பாத்ரூம் நிறுத்தச் சொல்லணுமேன்னு காலைலேருந்து தண்ணியே குடிச்சிருக்க மாட்டாங்க, பி.பி. மாத்திரைல சிலது அடிக்கடி போக வைக்கும்னு அன்னிக்கு அதையும் விட்டிருப்பாங்க, பின் சீட்ல காலத் தொங்கப் போட்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்ததுல பாதம் வீங்கி செருப்பு ஏறியிருக்காது. மாத்திரைய நிறுத்தறது ஆபத்து, அத இன்னிக்கே கேட்டுடுங்க. இனி எங்க போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவ, அவங்க கேட்காமலே, நீங்களா ரெஸ்ட் ஏரியால நிறுத்துங்க, இறங்கி நடக்க வைங்க.

என் பொண்ணு நியூயார்க்ல ஸ்டேட்டன் ஐலண்ட்ங்கற தீவுல இருந்தப்ப நாங்க போயிருந்தோம். அவ தினமும் மன்ஹாட்டன் போற ஃபெர்ரி படகுலயே ஒரு நாள் எங்களையும் ஏத்திட்டா. டிக்கெட்டே கிடையாது, 25 நிமிஷம், சுதந்திர தேவி சிலை பக்கமாவே போகும். (சிலையோட கிரீடத்துக்குப் போகணும்னா பீடத்துக்கு மேல 162 படி, முட்டி வலிக்காரங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்.) எங்க வீட்டுக்காரர் சிலையப் பார்த்தது ரெண்டு நிமிஷம். மீதி நேரமெல்லாம் நீ எந்த பெஞ்சுல உட்காருவ, பனி கொட்டறப்ப என்ன பண்ணுவன்னு கேட்டுட்டே வந்தார். இறங்கறதுக்கு முன்னாடி அவ உட்கார்ற பெஞ்சக் கையால ஒரு தடவ தடவிப் பார்த்துட்டு இறங்கினார். ஊருக்கு வந்தப்புறம் யார் கேட்டாலும் அந்த பெஞ்சத்தான் சொன்னார்.

உங்க அப்பாவையும் ஒரு வேலை நாள்ல நீங்க போற டிரெயின்லயே கூட்டிட்டுப் போங்க. ஆபீஸ் வாசல் வரைக்கும் போதும். வீட்டுச் சாவி ஒண்ணு, லோக்கல் சிம் ஒண்ணு, அட்ரஸ் எழுதின சீட்டு ஒண்ணு அவங்க கைல குடுங்க. பக்கத்து பப்ளிக் லைப்ரரிக்கு ரெண்டு நாள் கூடவே நடந்து போய் வழி காட்டுங்க, உள்ள போக மெம்பர்ஷிப் வேண்டாம், உட்கார நாற்காலி இருக்கு, பாத்ரூம் இருக்கு. மூணாவது நாள் அவங்களே போய்ட்டு வந்துடுவாங்க.

வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியங்கள்ல நுழைவு இலவசம், சக்கர நாற்காலியும் சும்மாவே தருவாங்க. ஒரு நாளைக்கு ஒரு மியூசியம், அதுக்கு மேல வேண்டாம்.

நயாகராவுக்கு மறுபடி போங்க, ஆனா நவம்பர் வர்றதுக்கு முன்னாடி, அப்புறம் அருவி கிட்ட கூட்டிட்டுப் போற படகு நின்னுடும். கனடா பக்கம் போக அவங்களுக்குத் தனி விசா வேணும், அமெரிக்கப் பக்கமே நல்லா இருக்கும், படகுத் துறைக்கு லிஃப்ட்லயே இறங்கலாம், கோட் ஐலண்ட்ல அருவி விழற இடத்துக்குக் கிட்டயே கார் நிறுத்தலாம். வழில ஒரு ராத்திரி தங்குங்க. இந்த தடவ அம்மாவ முன் சீட்ல உட்கார வைங்க.