லூபஸும் நெஞ்சுவலியும்: அஞ்சியோகிராமுக்கு ஓடுமுன்

கேள்வி: நிலாவெளியில் வசிக்கிறேன். வயது 36. லூபஸ் நோய்க்கு (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) ஐந்து ஆண்டுகளாக மருந்து எடுக்கிறேன். இரண்டு வாரமாக நெஞ்சு குத்துகிறது. "இருதயக் குழாயில் அடைப்புத்தான், கொழும்பில் அஞ்சியோகிராம் செய்ய ஒழுங்குபண்ணித் தருகிறேன்" என்கிறார் தெரிந்த ஒருவர். போகவா?

பதில்: தங்கச்சி, படுத்தால் குத்து கூடுகிறதா? எழும்பி இருந்து முன்பக்கம் சாய்ந்தால் தணிகிறதா? ஆம் என்றால், இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி இருக்கலாம். லூபஸ் இருதயத்தைத் தொடும்போது பெரும்பாலும் அந்த உறையைத்தான் தொடும். அங்கே நீர் தேங்கியிருந்தால் எக்கோ (இருதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) காட்டிவிடும். அஞ்சியோகிராம் குருதிக்குழாயின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை. உறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இந்தத் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கிளினிக் வாசலில் நின்று கொப்பியை எட்டிப் பார்ப்பார்கள். வான் கூலி, அறை வாடகை, சோதனைக் கட்டணம் எல்லாவற்றிலும் அவர்களுக்குத் தரகு உண்டு. காப்பை ஈடுவைத்துப் போய், தேவையில்லாத சோதனையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரச வைத்தியசாலையில் எக்கோ இலவசம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளித் திகதி கொடுத்தால் நோயாளி தரகரிடம் போகாமல் என்ன செய்வார்? நீங்கள் அந்தத் திகதிக்குக் காத்திருக்கவேண்டாம். இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வாட்டில் அனுமதிக்கக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடைப்பே வராது என்று நான் சொல்லவில்லை. லூபஸ் குருதிக்குழாய்களை முன்கூட்டியே கெடுக்கும். 35 முதல் 44 வயதுப் பெண்களில், லூபஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு 50 மடங்குக்கும் மேல் கூடுதலாக வந்ததை 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நெஞ்சை அமுக்கும் வலி, குளிர் வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோவு, மூச்சு முட்டல் வந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். போனதும் முதல் வார்த்தையாக "எனக்கு லூபஸ்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இளவயதுப் பெண்ணென்று வாய்வு மாத்திரை தந்து அனுப்பிவிடக்கூடும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், திரும்ப எடுக்கவும் இருதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் டிரோபோனின் இரத்தச் சோதனை செய்யவும் கேளுங்கள்.

பார்மசியில் நோவு மாத்திரை வாங்கி விழுங்கவேண்டாம். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால், டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகள் அதை மேலும் கெடுக்கக்கூடும். லூபஸுக்குப் பிரெட்னிசொலோன் (ஸ்டெரொய்ட் மருந்து) எடுப்பவரானால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.