தட்டு மோன்டிபோரா உரிகிறது, பஃபர் போடலாமா? முதலில் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: "மூன்றடி ரீஃப் டேங்க் (பவளத் தொட்டி), 28 டிகிரி. ஆரஞ்சுத் தட்டு மோன்டிபோரா பவளத்தின் சதை பத்து நாளாக ஓரத்திலிருந்து உரிந்து வெள்ளையாகிறது. மற்ற பவளங்கள் நன்றாக இருக்கின்றன. டெஸ்ட் கிட்டில் ஆல்கலினிட்டி 6.5 காட்டுகிறது. கடைக்காரர் பஃபர் பவுடர் போடச் சொல்கிறார். போடலாமா?"

போடாதீர்கள். ஆல்கலினிட்டியை (பவளம் எலும்பு கட்டப் பயன்படும் கார்பனேட்டின் அளவை) ஏற்றும் அந்தப் பஃபர் டப்பாவைக் குறைந்தது நாளை வரைக்குமாவது திறக்காதீர்கள். பத்து நாளாக மெல்ல ஏறுகிற சேதம் என்கிறீர்கள், அப்படியென்றால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். ஒரே ராத்திரியில் சதை கிழிந்த துணி மாதிரித் தொங்கினால் அது வேறு கதை. அப்போது நல்ல பகுதியை உடனே வெட்டி எடுத்துத் தனியே வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. உங்களுடையது அது இல்லை.

28 டிகிரி என்று எழுதியிருப்பதால் நீங்களும் என்னைப் போல சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஓடினால் ஏறும் மின்கட்டணத்துக்குப் பயந்து நானும் அந்த அளவில்தான் வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் மூன்று வருடத்துக்கு முன்பு என் வீட்டில் நடந்தது. கடைக்காரர் சொன்னது உட்பட.

என்னுடையதும் ஆரஞ்சுத் தட்டு மோன்டிபோராதான். இரண்டு விரல் அகலத் துண்டாக வாங்கி வந்தேன். மூன்றரை வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, அடுக்கடுக்காக, ரோஜா விரிந்த மாதிரி வளர்ந்து நின்றது. வேலை விட்டு வந்தால் பையை இறக்கி வைக்கும் முன் அதைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் கீழ் அடுக்கின் ஓரத்தில் நகம் அளவுக்கு வெள்ளை. முதல் வாரம் அதை வளர்ச்சி என்றே நினைத்தேன். தட்டு மோன்டிபோரா நன்றாக வளரும்போதும் ஓரம் வெள்ளையாகத்தான் இருக்கும், புதிதாக வைத்திருப்பவர்கள் இதில் குழம்புவார்கள். வளர்கிற ஓரம் மெல்லிய கோடு மாதிரி, சுற்றிலும் ஒரே சீராக, வழவழவென்று இருக்கும். சேதமான ஓரம் எலி கடித்த தோசை மாதிரி ஒழுங்கில்லாமல் உள்ளே போகும். வெள்ளையான இடம் சொரசொரவென்று இருக்கும். மூன்று நான்கு நாளில் அதன்மேல் பச்சையாகவோ பழுப்பாகவோ பாசி படியும். பாசி படிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உடனே கிட்டை எடுத்தேன். ஆல்கலினிட்டி 6.1. கடல்நீரிலேயே 7 அளவுக்கு இருக்கும், நாங்கள் டேங்க்கில் 8, 9 என்று வைத்திருப்போம். 6.1 என்றதும் திருடனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எங்கள் ரீஃப் குழுவில் படம் போட்டேன். பதில் சொன்ன அத்தனை பேரும் ஆல்கலினிட்டி என்றார்கள். நான் போட்ட படம் நீல விளக்கில் எடுத்தது. நீல வெளிச்சத்தில் வெளுத்த சதையும் வெறும் எலும்பும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்று நாளில் என் கிட் கணக்குப்படி 6.1-லிருந்து 8.4-க்கு ஏற்றினேன். ஒரு நாளைக்கு 1 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு) தாண்டக் கூடாது என்பார்களே, அதற்குள்தான் இருக்கிறேன் என்று நம்பினேன். மோன்டிபோரா உரிவது நிற்கவில்லை. ஐந்தாம் நாள், அதுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்த அக்ரோபோராக்கள் (கிளைவிடும் பவளங்கள்) நான்கின் நுனிகளும் வெந்த மாதிரி வெள்ளையாகின.

ஜூரோங்கில் இருக்கும் சீன நண்பர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன், அன்று ராத்திரியே தன் கிட்டோடு வந்தார். அவருடைய கிட் 11.4 என்றது. அதே தண்ணீர், என் கிட்டில் 8.4. என் ரீஏஜென்ட் (கிட்டின் சோதனைச் சொட்டு மருந்து) பாட்டிலின் மூடி சரியாக இறுகாமல், டேங்க்குக்குக் கீழே சூடான அலமாரியில் இரண்டு வருடம் இருந்திருக்கிறது. அது அமிலக் கரைசல். தண்ணீர் ஆவியாகப் போய்விட்டால் அமிலம் அடர்த்தியாகிவிடும். அடர்த்தியானால் நிறம் மாறக் குறைந்த சொட்டே போதும், அதனால் கிட் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அந்தக் கணக்கில் பின்னால் போய்ப் பார்த்தால், எனக்கு 6.1 காட்டிய அன்று தண்ணீரில் நிஜமாக 8.3 இருந்திருக்கிறது. ஒரு குறையும் இல்லாத தண்ணீரில் மூன்று டிகேஹெச் ஏற்றி அக்ரோபோராவைச் சுட்டது நான்தான். பாஸ்பேட் வேறு அப்போது 0.01. சத்துக் குறைவாக இருக்கும் தண்ணீரில் ஆல்கலினிட்டி ஏறினால் நுனி வேகமாகக் கருகும்.

உங்கள் 6.5-ஐ நம்புவதற்கு முன் கிட்டைச் சோதித்துப் பாருங்கள். 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 2.4 கிராம் பேக்கிங் சோடாவை நன்றாகக் கரைத்தால் அதன் ஆல்கலினிட்டி 8 டிகேஹெச். அதை உங்கள் கிட்டில் போட்டு 6 என்று வந்தால் கோளாறு டேங்க்கில் இல்லை, பாட்டிலில். சமையல் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

சரி, மோன்டிபோராவுக்கு என்ன ஆயிற்று? பொங்கல் முடிந்து அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நான் டேங்க் முன்னால் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, அடியில திருப்பிப் பாத்தியா? செம்பருத்தில மாவுப்பூச்சி வந்தா இலைக்கு அடியிலதானே இருக்கும்" என்றார். மேல்பக்கத்தைத்தான் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் அடுக்கில் ஒரு தட்டை உடைத்து, டேங்க் தண்ணீர் ஊற்றிய வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்தேன். சதையும் எலும்பும் சேரும் எல்லையில், அரிசி நொய் அளவுக்கு, முதுகு முழுக்கப் பூப்பூவாகக் கிளை விட்ட வெள்ளைப் புழுக்கள். பதினொன்று எண்ணினேன். பக்கத்தில் ஜவ்வு மாதிரிக் குட்டிக் குட்டி முட்டைக் கூட்டம். மோன்டிபோராவை மட்டும் தின்னும் நியூடிபிராங்க், அதாவது ஓடில்லாத கடல் நத்தை. நிஜமாகவே மாவுப்பூச்சி மாதிரித்தான் இருந்தது.

இரண்டு மாதம் முன்பு ஒருவரிடம் ஊதா மோன்டிபோரா ஃப்ராக் (வெட்டிய துண்டு) ஒன்று வாங்கியிருந்தேன். டிப் செய்துதான் (பூச்சிமருந்துக் கரைசலில் முக்கித்தான்) டேங்க்கில் விட்டேன், ஆனால் அது ஒட்டியிருந்த சின்ன அடிக்கட்டையோடு, அதாவது பிளக்கோடு விட்டேன். டிப் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. விற்றவருக்குத் தெரிந்தே விற்றார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் போய்ச் சொன்னபோது, அவர் டேங்க்கிலும் அதே மாதிரி உரிவதாகவும், "அது ஆல்கலினிட்டி" என்றும்தான் பதில் சொன்னார்.

அதற்கப்புறம் ஆறு வாரம், வாரம் ஒரு முறை எல்லா மோன்டிபோராவையும் வெளியே எடுத்து டிப் செய்தேன். செத்த எலும்புப் பகுதியை இடுக்கியால் உடைத்துப் போட்டேன், முட்டை அதில்தான் இருக்கும். வெட்டிய விளிம்பில் சூப்பர் குளூ ஜெல். நான்காவது வாரத்தோடு கிண்ணத்தில் பூச்சி விழுவது நின்றது. சாப்பாட்டுத் தட்டில் மிஞ்சியது மூன்று துண்டு. அக்ரோபோராவில் இரண்டு பிழைத்தன, இரண்டு போய்விட்டன. போன இரண்டும் பூச்சியால் போகவில்லை, என் கையால் போயின. இன்றைக்கும் அதுதான் உறுத்துகிறது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஆல்கலினிட்டி முக்கியம் இல்லையா" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். முக்கியம்தான், வாரம் இருமுறை நானே அளக்கிறேன். நான் சொல்வது, எண்ணைப் பார்க்கும் முன் காயத்தைப் பாருங்கள் என்பது. தண்ணீர் கெட்டால் ஒரே இனம் மட்டும் தேய்ந்து மற்றதெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பது அரிது. சொகுசான இனங்கள் எல்லாம் ஏறக்குறைய சேர்ந்தே முகம் சுளிக்கும். ஒரே இனம் மட்டும் உரிகிறது என்றால், அதைத் தின்பவன் யார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அக்ரோபோராவில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள் இருந்தால் தட்டைப்புழு, அதன் முட்டை அடிப்பக்க வெறும் எலும்பில் பழுப்பாக ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெந்து, அந்தப் பக்கத்தில் டார்ச், ஹாமர், கேலக்ஸியா என்ற கொட்டும் பவளங்களில் ஏதாவது இருந்தால், ராத்திரி விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் லைட்டில் பாருங்கள். பகலில் காணாத நீளக் கொடுக்குகளை நீட்டிக் கொட்டிக்கொண்டிருக்கும். டார்ச், ஹாமர் தலையில் பழுப்புக் கூழ் கட்டி நாற்றம் அடித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், அந்தக் கூழை உறிஞ்சி எடுத்து அந்தத் தலையைத் தனியே பிரியுங்கள், பக்கத்துத் தலைக்குப் பரவும். சதை கண்ணாடி மாதிரி வெளுத்து, பாலிப் (பூப்போல விரியும் பவள உயிர்) மட்டும் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தால் அது உரியவே இல்லை. உள்ளே வாழும் பாசி வெளியேறிவிட்டது. வெளிச்சத்தையும் சூட்டையும் குறைத்தால் மீள வாய்ப்பு உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து யாராவது இதைப் படித்தால், பாறை கட்டும் கடினப் பவளங்கள் அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நான் வைத்திருப்பவை வீட்டு டேங்க்குகளில் வளர்ந்து வெட்டிய துண்டுகள். இதைச் சொல்லாவிட்டால் "கடலை அழிக்கிறவன்" என்று எழுத ஆள் தயாராக இருக்கிறது.

கடலைப் பற்றிக் கேட்பவர்களையாவது புரிந்துகொள்ளலாம். சொந்தக்காரர்கள்தான் தாங்கவில்லை. அந்த மோன்டிபோராவை நான் இழந்த அந்த வாரத்தில் வீட்டுக்கு வந்த சித்தப்பா, என் முகத்தைப் பார்த்தும், "இந்தத் தொட்டிக்குப் போட்ட காசுல ஊர்ல ஒரு மனை வாங்கியிருக்கலாம்" என்றார். நான் குடிப்பதில்லை, வருடத்துக்கு ஒரு போன் மாற்றுவதில்லை. ஊருக்கு மாதம் தவறாமல் பணம் போகிறது. வார இறுதி முழுக்கக் கிரிக்கெட் பார்ப்பவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மூன்றரை வருடம் வளர்த்த உயிர் போனால் வருத்தப்படக்கூட மனையின் விலை சொல்ல வேண்டுமா? அன்று அம்மா மட்டும்தான், "விடுப்பா, அவன் வளத்தது" என்றார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ராத்திரி பெரிய சிரிஞ்சில் டேங்க் தண்ணீரை எடுத்து, தட்டின் அடியில் பீய்ச்சிப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது பறந்து வந்தால் விடை கிடைத்துவிட்டது. வராவிட்டாலும் நாளைக் காலை சேதமான ஓரத்தில் ஒரு துண்டை உடைத்து வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்து வையுங்கள். நீல விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து இங்கே கீழே போடுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் புதிதாக மோன்டிபோரா எதுவும் உள்ளே விட்டீர்களா, பிளக்கோடு விட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். எந்த நேரமானாலும் பார்த்துச் சொல்கிறேன்.