சீனத் தேயிலையும் பழைய தேநீர்க் கெண்டியும் தேடிப் போகிறவர்களுக்கு

முதல் தடவையாகச் சீனா போகிறேன். பத்து நாள்தான் லீவு. யுன்னான், வூயி மலை, ஹாங்சோ மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

பார்க்கலாம். ஆனால் பாதி நாள் ரயிலிலும் விமான நிலையத்திலும் போய்விடும். ஒரே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெண்டி மேலும் ஆசை இருந்தால் ஹாங்சோதான் சரி. மார்ச் கடைசியில் போய்விடுங்கள். ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும் சிங்மிங் என்ற முன்னோர் வழிபாட்டு நாளுக்கு முன்னால் கிள்ளிய லாங்ஜிங் பச்சைத் தேயிலைக் கொழுந்துக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். லாங்ஜிங் கிராமத்தில் சூடான இரும்புச் சட்டியில் வெறுங்கையால் கொழுந்தை அழுத்தி அழுத்தி வறுப்பதை நின்று பாருங்கள். பாசிப்பருப்பு வறுக்கும்போது வீட்டில் ஒரு வாசனை எழுமே, கிட்டத்தட்ட அது. சிங்மிங் கழிந்ததும் விலை இறங்கிவிடும். தினமும் குடிக்க அந்த இலை தாராளமாகப் போதும்.

அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் யிசிங். கெண்டிகளின் ஊர் அதுதான். நகரத்தில் நிற்காமல் நேரே திங்ஷு என்ற சிற்றூருக்குப் போய்விடுங்கள்.

யிசிங் கடை ஒன்றில் சிவப்பு மண் கெண்டி பார்த்தேன். அடியில் மெங்சென் முத்திரை இருக்கிறது. சிங் வம்ச காலத்தது என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். மெங்சென் என்பவர் சிங் வம்சத்துக்கு முந்தைய மிங் காலக் கடைசியில் வாழ்ந்த குயவர். சின்னக் கெண்டிகளுக்குப் பேர்போனவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முந்நூறு வருஷமாக அதே முத்திரையைக் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் முத்திரையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. புதுக் கெண்டிக்குத் தேயிலைச் சாயமும் ஷூ பாலிஷும் ஏற்றிப் பழசாக்குவதும் உண்டு. உள்ளே கொதிநீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். மெழுகு வாடையோ பாலிஷ் வாடையோ வந்தால் நடையைக் கட்டுங்கள்.

சரி, அது உண்மையாகவே பழசு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது சிக்கல் இன்னும் பெரிது. 1911க்கு முந்தைய கலைப்பொருளைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதற்குப் பிந்தையதிலும் சில வகைகளுக்குத் தடை இருக்கிறது. அனுமதி பெற்ற பழம்பொருளில் சிவப்பு அரக்கு முத்திரை இருக்கும். அது இல்லாமல் வாங்கினால் விமான நிலையத்தில் மாட்டுவீர்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: பழசைக் கண்ணால் பாருங்கள், புதுசைக் கையால் வாங்குங்கள். திங்ஷுவில் இன்றைக்கும் குயவர்கள் மண்ணை மரச்சுத்தியால் தட்டித் தகடாக்கி, வளைத்து ஒட்டிக் கெண்டி செய்கிறார்கள். சக்கரத்தில் வனைவது அவர்கள் வழக்கமல்ல. எதிரில் உட்கார்ந்து, செய்தவரிடமே வாங்குவதில் கிடைக்கும் நிறைவு எந்தப் பழம்பொருள் கடையிலும் கிடைக்காது. வாங்குமுன் தண்ணீர் ஊற்றிச் சரித்துப் பாருங்கள். மூடியின் துளையை விரலால் அடைத்ததும் நீர் நின்றால் மூடி நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேருக்கு 120 மில்லி கெண்டி போதும். மெருகு பூசாத மண் என்பதால் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலைதான். சோப்பு படவே கூடாது.

வூயி மலையின் தாய்ச்செடிகளில் பறித்த தா ஹோங் பாவ் தேயிலை என்று ஒரு பொட்டலம் விற்கிறார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். அந்த ஆறு செடிகளில் இலை பறிப்பதை 2006லேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று விற்பது பதியன் செடிகளின் இலை, அல்லது அந்த மலைப் பாறைகளுக்கிடையே விளையும் வெவ்வேறு 'பாறைத் தேயிலை'களின் கலவை. இரண்டிலுமே அருமையானவை உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வூயி மலை இருக்கும் ஃபூஜியான் மாநிலத்துக் கடற்கரைப் பேச்சிலிருந்து வந்ததுதான் நம் 'தேயிலை'யின் 'தே'.

பெய்ஜிங்கில் கல்லூரிப் பெண்கள் இருவர் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். போகலாமா?

போகாதீர்கள். வாங்ஃபுஜிங்கிலும் ஷாங்காயின் நான்ஜிங் சாலையிலும் பல வருஷமாக நடக்கும் ஏமாற்று அது. உள்ளே போனால் பில் தலையைச் சுற்ற வைக்கும்.

யுன்னானில் வாங்கிய பூ-ஆர் தேயிலை வட்டை (அழுத்தி வட்டமாக்கியது) சென்னையில் எப்படி வைப்பது?

357 கிராம் வட்டுதானே? காகித உறையோடு மண்பானையிலோ அட்டைப்பெட்டியிலோ வையுங்கள். ஃப்ரிட்ஜும் கூடாது, சமையலறையும் கூடாது. சாம்பார் வாசனை ஏறிவிட்டால் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பூஞ்சை வரும் காலம். விலை ஏறும் என்று மட்டும் வாங்கிக் குவிக்காதீர்கள். 2007இல் பூ-ஆர் விலை தலைகுப்புற விழுந்து பலர் பணத்தை இழந்தார்கள்.

ஹாங்காங்கில் விமானம் மாறுகிறேன். ஒரு பகல் கையில் இருக்கிறது.

அட்மிரால்டி மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஹாங்காங் பூங்காவுக்கு நடந்துவிடுங்கள். 1846இல் பிரிட்டிஷ் படைத் தளபதிக்காகக் கட்டிய ஃபிளாக்ஸ்டாஃப் மாளிகை, 1984 முதல் தேநீர்க் கலன்களின் அருங்காட்சியகமாக இருக்கிறது. விட்டாசாய் என்ற சோயா பானத்தைத் தொடங்கிய கே. எஸ். லோ கொடுத்த யிசிங் கெண்டிகள் அங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரமாவது நின்று, மூக்கும் பிடியும் மூடியும் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்று பாருங்கள். கடைக்குப் போவதாக இருந்தால் அதற்கப்புறம் போங்கள்.