மறதிக்குச் சேஜ் எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் அப்பாவுக்கு அல்சைமர் நோய் என்று கண்டறிந்து, மருத்துவர் டோனெபெசில் மாத்திரை கொடுத்திருக்கிறார். சேஜ் என்ற மூலிகையின் நறுமண எண்ணெயும் மூளையில் அதே வேலையைச் செய்யும் என்று உறவினர் ஒருவர் ஒரு குப்பி வாங்கி வந்திருக்கிறார். அதில் கற்பூரமும், நீலகிரித் தைலத்தில் உள்ள சினியோலும் இருக்கின்றனவாம். எந்தப் பொருள் வேலை செய்கிறது? அப்பாவுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் உறவினர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை அல்ல. நினைவாற்றலுக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி நரம்பிணைப்புகளில் கணப்பொழுதில் சிதைத்துவிடுகிறது. அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலின் குறைந்துவிடுவதால், எஞ்சியிருப்பதையாவது காப்பாற்ற டோனெபெசில் அந்த நொதியைத் தடுக்கிறது. சேஜ் இனங்களில் ஒன்றான ஸ்பானிய சேஜின் எண்ணெயும் இதே நொதியைத் தடுப்பதை, மனித இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய சோதனைகளுக்கு எல்மன் என்ற ஆய்வாளர் 1961-இல் வகுத்த முறையே வழக்கமாகப் பயன்படுகிறது. நொதி தன் இரையைச் சிதைக்கச் சிதைக்கக் கரைசலில் மஞ்சள் நிறம் ஏறும்; தடுக்கும் பொருள் சேர்ந்துவிட்டால் அந்த நிறம் மெதுவாகவே ஏறும். நிறம் ஏறும் வேகத்தை ஒளிமானியில் அளந்து தடுப்பாற்றலைக் கணக்கிடுகிறார்கள். இப்படிப் பார்த்தபோது சினியோலும், எண்ணெயிலுள்ள இன்னொரு சேர்மமான ஆல்ஃபா பைனீனும் முதன்மைத் தடுப்பான்களாகத் தெரியவந்தன. கற்பூரத்தின் ஆற்றல் அவற்றைவிடக் குறைவு.

எண்ணெயின் சேர்மங்களை இரண்டிரண்டாகக் கலந்து சோதித்த 2003-ஆம் ஆண்டு ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை தருகிறது. சினியோலோடு ஆல்ஃபா பைனீனையோ கேரியோஃபிலீன் ஆக்சைடையோ சேர்த்தபோது, தனித்தனி விளைவுகளைக் கூட்டி எதிர்பார்த்ததைவிடத் தடுப்பு சற்றே கூடியது. சினியோலோடு கற்பூரத்தைச் சேர்த்தபோதோ எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. கற்பூரம் இந்த எண்ணெயின் சில்லறைச் சேர்மம் அன்று, பெரும்பங்குச் சேர்மங்களில் ஒன்று. அதாவது, எண்ணெய் தன் ஆற்றலைக் குறைக்கும் பொருளையும் தன்னுள்ளேயே தாராளமாகச் சுமந்திருக்கிறது. செடி வளர்ந்த மண்ணையும் அறுவடைப் பருவத்தையும் பொறுத்து இந்த விகிதங்கள் மாறும் என்பதால், இரண்டு குப்பிகளில் ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும் நொதியின்மீது அவற்றின் விளைவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இயற்கையான கலவை என்றாலே எல்லாம் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

அளவையும் கவனியுங்கள். நொதியின் வேகத்தைப் பாதியாக்க டோனெபெசிலுக்குச் சில நானோமோலார் (ஒரு நானோமோலார் என்பது மில்லிமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) செறிவே போதும்; சினியோலுக்கு 0.67 மில்லிமோலார் தேவைப்பட்டது. ஏறத்தாழ லட்சம் மடங்கு வேறுபாடு இது. இங்கிலாந்தின் நார்த்தம்பிரியா பல்கலைக்கழக ஆய்வில், 50 மைக்ரோலிட்டர் (ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு) எண்ணெய் உட்கொண்ட ஆரோக்கியமான இளைஞர்கள் சொற்பட்டியலை உடனே நினைவுகூர்வதில் சற்று மேம்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர். வேறு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அல்லர். உங்கள் அப்பாவின் நிலை வேறு. டோனெபெசிலாலேயே குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்புக் குறைதல் ஆகியவை வரக்கூடும் என்னும்போது, அதே நொதியைத் தடுக்கும் அளவு தெரியாத இன்னொரு பொருளை அதன்மேல் ஏற்றுவது ஆபத்து.

குப்பியில் உள்ளது எந்த இனம் என்பதும் முக்கியம். நான் மேலே சொன்னவை ஸ்பானிய இனத்தைப் பற்றியவை. தோட்டங்களில் பரவலாக வளர்க்கப்படும் பொதுச் சேஜின் எண்ணெயில் தூஜோன் என்ற சேர்மம் அதிகம் இருக்கும். அது, மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை அடைத்து நரம்புகளைக் கட்டுமீறித் தூண்டுவதால், வலிப்பு வரக்கூடும்.

கேள்வி: சினியோல்தான் முக்கியம் என்றால், வீட்டில் இருக்கும் நீலகிரித் தைலமே போதாதா?
– அதே வாசகி

பதில்: போதாது. நீலகிரித் தைலத்தில் பெரும்பகுதி சினியோல்தான் என்றாலும், சளிக்கு ஆவி பிடிக்கும் அளவில் அது அல்சைமர் நோயைத் தணிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. விழுங்கினால் அது நஞ்சு. குழந்தைகள் சிறிதளவு குடித்தாலும் மயக்கமும் வலிப்பும் வரலாம். கற்பூரமும் அப்படியே. இரண்டையும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்பாவின் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்தச் சேஜ் குப்பியையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்; ஏற்கெனவே சில துளிகள் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.